கைவாளியும் மிதவைப் பம்பும்

மனம் ஒன்றாத இருவரைக் குறித்து, "எண்ணெயும் தண்ணீரும்போல" என்று கூறுதல் நம் நாட்டார் வழக்கு. ஒன்றோடொன்று கலவாமை இவ்விரு பொருள்களின் இயல்பு. கடலில் எண்ணெய் கொட்டுங்காலத்து அக்கலவாமையே பெருந்தீங்காகின்றது. நீரின்மேற் படலமாய்ப் பரந்து, பறவையின் சிறகிலும் மீனவன் வலையிலும் பாறையின் இடுக்கிலும் எண்ணெய் சென்று பற்றுகின்றது. ஆயினும் அத்தீங்கை நீக்குதற்குரிய வழியும் அவ்வியல்பிலேயே அடங்கியுளது. எண்ணெய் மேலே மிதத்தலினாலன்றோ அதனை மேலாக வாரியெடுத்தல் இயலுகின்றது? அங்ஙனம் வாரியெடுக்கும் மிதவைப் பம்பு என்னும் கருவியைக் குறித்து எம் கருத்துச் சிலவற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணவர்க்குப் பம்பினைப்பற்றிப் பேச என்ன உரிமை உண்டு என வினவுவாரும் இருக்கலாம். நெய்தல் திணையை வகுப்பறையிற் பாடம் கேட்கும் நாம், நெய்தல் நிலத்து மக்கள் இன்று படும் துயரைக் கேளாச் செவியராய் இருத்தல் முறையன்று என்பதே எம் விடை.

2017-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28-ஆம் நாள் வைகறையில், சென்னைக்கு வடக்கே எண்ணூரை அடுத்த காமராசர் துறைமுகத்திற்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. அவற்றுள் ஒன்றாகிய 'டான் காஞ்சிபுரம்' என்னும் கப்பலினின்று கனத்த எண்ணெய் கடலிற் கொட்டிற்று. கேடு யாதும் நேர்ந்திலது என்றே முதற்கண் கூறப்பட்டது. ஆனாற் கடல் பொய் கூறவில்லை. எர்ணாவூர்க் கரையிலே கருங்குழம்பு ஒதுங்கத் தொடங்கிற்று. கடலரிப்பைத் தடுத்தற்கு இடப்பட்ட பாறைகளுக்கிடையே அது தங்கித் திரண்டது. தென்றிசை நோக்கிச் சென்று மெரினாக் கரையையும் தீண்டிற்று. ஆமைகள் மாண்டு ஒதுங்கின. மீனை வாங்குதற்கு மக்கள் அஞ்சினமையால், எண்ணெய் தீண்டாத மீனும் விலைபோகாது கிடந்தது.

அக்குழம்பு எவ்வாறு அகற்றப்பட்டது? கழிவுநீரை உறிஞ்சும் வண்டிகள் கொணரப்பட்டன. தாரெனத் திரண்டிருந்த கசடு குழாய்களை அடைத்தமையின் அவை பெரிதும் பயன்பட்டில. பின்னர் வந்த கருவி யாது? வீட்டில் நீர் மொள்ளும் வாளி! கடலோரக் காவற்படையினரும், மீனவரும், கூலியாட்களும், கல்லூரி மாணவரும் பாறைகளின்மேல் வரிசையாய் நின்று, கசட்டை வாளியால் முகந்து ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாற்றிக் கரையேற்றினர். கையுறையும் முகமூடியும் எல்லார்க்கும் கிடைத்தில. அந்நாளிற் செய்தித்தாள்களில் வெளிவந்த படங்களைக் கண்டவர் அவற்றை எளிதில் மறவார்.

ஏழாண்டு கழிவதன்முன் அதே எண்ணூர் மீண்டும் கறுத்தது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயலோடு வந்த பெருவெள்ளம், மணலித் தொழிற்பகுதியினின்று எண்ணெயைப் பக்கிங்காம் கால்வாய் வழியாகவும் கொசத்தலையாற்று வழியாகவும் கழிமுகத்திற் கொண்டு சேர்த்தது. படகுகளின் பக்கங்கள் கறுத்தன. கூழைக்கடாக்களின் வெண்சிறகு கறுத்தது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைப்போரின் வலைகள் பாழாயின. சில நாட் கழித்து மிதவை வேலிகளும் வாரியெடுக்கும் பொறிகளும் வந்தனவெனினும், அவ்விடத்தும் மீனவர் தம் படகுகளில் அமர்ந்து குவளையாலும் வாளியாலும் எண்ணெய் முகந்த காட்சியையே நாடு கண்டது.

இங்ஙனம் உழைத்தாரை யாம் குறைகூறுகின்றோமல்லோம். பிறர் துன்பங் கண்டவிடத்துக் கைகட்டி நில்லாமல் இறங்கிய மாணவரை எவ்வளவு புகழினும் தகும். ஆயினும் அப்புகழுரையின் நிழலிலே ஒரு குறை மறைந்து கிடக்கின்றது. கருவி இருத்தற்குரிய இடத்தில் மனிதன் கை இருந்தது. கனத்த எண்ணெயில் அடங்கிய பொருள்களுட் சில புற்றுநோய் விளைக்க வல்லன. அதன் ஆவி தலைநோவும் குமட்டலும் தருவது. தோலிற் படின் எரிவும் புண்ணும் உண்டாக்குவது. தொண்டு செய்வோர் உளர் என்னும் துணிவினாற் கருவியை வாங்காதிருப்பதும், வாங்கிய கருவியைப் பூட்டி வைப்பதும் தொண்டினைப் போற்றுவதாகா. அது தொண்டரின் உடலை மலிவான கருவியாக எண்ணுவதேயாம்.

இனி, அக்கருவியின் இயல்பைச் சிறிது காண்போம். குழம்பின்மேல் மிதக்கும் எண்ணெயை எடுக்க விரும்பும் தாய், கரண்டியை ஆழ அமிழ்த்துவதில்லை. அதன் விளிம்பு எண்ணெய்ப் படலத்திற்குச் சற்றே கீழாக நிற்குமாறு மெல்லப் பிடிக்கின்றாள். எண்ணெய் தானே வழிந்து கரண்டிக்குள் இறங்குகின்றது. சிறிது மிகுதியாக அமிழ்த்தினாற் குழம்பே நிறையும். சிறிது உயர்த்தினால் ஒன்றும் வாராது. மிதவைப் பம்பின் முதல் வகை இக்கரண்டியே. நம் ஏரிகளில் மிகுநீர் வழிதற்குக் கலிங்கு அமைத்திருத்தலை யாவரும் அறிவர். அத்தகைய கலிங்கொன்றை மிதவைகளின் நடுவே பொருத்திக் கடலில் விட்டாற்போல்வது இப்பொறி. மிதவைகள் அதனைத் தாங்கி நிற்க, கலிங்கின் விளிம்பு எண்ணெய்க்கும் நீர்க்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்கின்றது. வழிந்து உட்புகும் எண்ணெயை அடியிலுள்ள பம்பு குழாய் வழியே படகிற்கோ கரைக்கோ தள்ளுகின்றது.

இவ்விடத்துப் பம்பின் வகையும் கருதற்பாலது. தோட்டத்துக் கிணற்றிலுள்ள பம்பினைப்போல விரைந்து சுழலும் இறக்கைகளை உடையதாயின், அஃது எண்ணெயையும் நீரையும் மத்தினாற் கடைந்தாற்போல் ஒன்றாக்கிவிடும். பின்னர் அவற்றைப் பிரித்தல் அரிது. ஆதலின் தடித்த எண்ணெய்க்குத் திருகு வடிவான பம்புகளையே பெரிதும் பயன்படுத்துகின்றனர். திருகு மெல்லச் சுழன்று எண்ணெயைக் கலக்காமல் முன்தள்ளுகின்றது. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்க்கிமிடீசு என்னும் கிரேக்க அறிஞர் பெயரால் வழங்கும் நீரிறைக்கும் திருகின் வழித்தோன்றலே இது. இத்தகைய பம்புகள் சிலவற்றின் வாயிற் கத்திமுனையும் உண்டு. எண்ணெயோடு வரும் நாரையும் குப்பையையும் அஃது அறுத்துவிடும்.

இரண்டாம் வகைப் பொறி வழிதலை நம்பாது ஒட்டுதலை நம்புவது. எண்ணெய் சில பொருள்களின்மேல் நீரைக் காட்டிலும் எளிதிற் பற்றும். அப்பொருள்களாலான தட்டுகளோ, உருளைகளோ, தூரிகைகளோ, நீண்ட வடங்களோ நீர்ப்பரப்பிற் சுழலும்போது எண்ணெய் அவற்றில் ஒட்டி மேலே வருகின்றது. அதனை வழித்தெடுத்துத் தொட்டியிற் சேர்க்கின்றனர். இவ்வகை நீரை மிகச் சிறிதே எடுத்தலின் பிரித்தற்குரிய உழைப்புக் குறைகின்றது. 2010-ஆம் ஆண்டில் மெக்சிக்கோ வளைகுடாவில் நேர்ந்த பேரிடர்க்குப் பின், 2011-இல் அமெரிக்க நாட்டு நியூ ஜெர்சி மாநிலத்து ஓம்செட் என்னும் சோதனைத் தொட்டியில் ஒரு போட்டி நடைபெற்றது. முதற்பரிசு பத்து இலட்சம் டாலர். வென்ற பொறி, வரிப்பள்ளங்கள் வெட்டிய தட்டுகள் பலவற்றைக் கொண்டது. நிமிடத்திற்கு 4,670 காலன், அஃதாவது ஏறத்தாழ 17,700 லிட்டர் எண்ணெயை அஃது எடுத்தது. எடுத்தவற்றுள் நூற்றுக்கு 89.5 பங்கு எண்ணெயே. பத்து லிட்டர் கொள்ளும் வாளியால் இதனை எடுக்கப் புகின் நிமிடந்தோறும் 1,770 வாளி முகத்தல் வேண்டும். தொட்டியிற் செய்த சோதனை கடலில் அவ்வாறே பலியாது என்பதை யாம் மறந்திலேம். எனினும் கைக்கும் கருவிக்கும் உள்ள தொலைவினை இக்கணக்கு ஒருவாறு காட்டும்.

இத்துணைச் சிறப்புடைய கருவி பலவிடத்துந் தோற்பது ஏன்? காலமே அதன் முதற்பகை. எண்ணெய் கொட்டிய சில மணி நேரத்திற்குள் மெல்லிய படலமாய் விரிகின்றது. மில்லிமீட்டரிற் பத்திலொரு பங்கு தடிப்புடைய படலம் ஒரு சதுரக் கிலோமீட்டர் பரந்ததாயின், அதில் உள்ளது 100 கனமீட்டர் எண்ணெயே. அதனைக் குவிக்காமற் பம்பினை இறக்கினால் அது கடல்நீரையே இறைத்துக்கொண்டிருக்கும். ஆதலின் மிதவை வேலியால் எண்ணெயை வளைத்துத் தடிப்பாக்கிய பின்னரே பம்பு பயன்தரும். அவ்வேலியும் எல்லாவிடத்தும் நில்லாது. அதற்கு நேரெதிராக ஓடும் நீரின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 35 சென்டிமீட்டரைக் கடக்குமாயின், எண்ணெய் வேலியின் அடியாக நழுவிவிடும். அலை மோதமோத நீர் எண்ணெய்க்குட் புகுந்து தடித்த குழம்பாகின்றது. அதன் அளவு மூன்று நான்கு மடங்காகப் பெருகுகின்றது. முதல்நாளில் எளிதாக ஓடிய எண்ணெய் மூன்றாம் நாளில் தாராகிவிடுகின்றது. முதல்நாளுக்கேற்ற பம்பு மூன்றாம் நாளில் அடைபட்டு நிற்பதில் வியப்பென்னை? எடுத்த எண்ணெயை இடுதற்குப் போதிய கலம் இல்லாவிடினும் பம்பு வாளாவிருக்க வேண்டுவதே.

இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, "இக்கருவியால் விளையும் பயன் மிகச் சிறிது; இதற்குப் பொருள் செலவிடுதல் வீண்" என்று கூறுவாரும் உளர். அவர் கூற்றிலும் உண்மை இல்லாமலில்லை. பெருங்கடலிற் கொட்டிய எண்ணெயுள் நூற்றுக்குப் பத்து அல்லது பதினைந்து பங்குக்குமேல் மீட்டல் அரிதென்பது இத்துறையில் வல்லார் கருத்து. மெக்சிக்கோ வளைகுடாவில் வாரியெடுக்கப்பட்டது நூற்றுக்கு மூன்று பங்கே என்று அமெரிக்க அரசினர் 2010-இல் கணக்கிட்டனர். அற்றேல், பம்பினைக் கைவிடலாமோ? கூடாது. அக்கணக்குகள் திறந்த கடலுக்குரியன. அலையடங்கிய துறைமுகத்திலும், காயலிலும், கழிமுகத்திலும், கால்வாயிலும் நிலை வேறு. அங்கே வேலி நிற்கும், எண்ணெய் குவியும், பம்பு தன் முழு ஆற்றலோடு தொழில் செய்யும். எண்ணூரில் 2023-இல் எண்ணெய் வந்த வழி கால்வாயன்றோ? வெள்ளம் வடிந்தபின் அதன் குறுக்கே வேலியிட்டு முதல்நாளிலேயே பம்பு இறக்கப்பட்டிருப்பின், கழிமுகத்தை அடைந்த எண்ணெய் எவ்வளவோ குறைந்திருக்கும் என்பது எம் துணிபு. மேலும், கடலில் எடுத்த ஒரு வாளி எண்ணெய் கரையில் எடுக்கும் ஒரு வாளிக்கு ஈடன்று. கரையேறிய எண்ணெய் மணலோடு கலந்து பன்மடங்கு கழிவாகின்றது. அதனை அள்ளுதற்கு அத்தனை கைகள் வேண்டும்.

இனி, கருவி இருந்தும் உதவாத கதை ஒன்றுண்டு. 1989-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24-ஆம் நாள், அலாஸ்காவின் பிரின்சு வில்லியம் வளைகுடாவில் 'எக்ஸான் வால்டீசு' என்னும் எண்ணெய்க் கப்பல் பாறையில் ஏறிற்று. ஏறத்தாழ 37,000 தொன் எண்ணெய் கடலிற் கொட்டிற்று. ஐந்து மணி நேரத்திற்குள் பொறிகள் அவ்விடம் சேரவேண்டும் என்று ஏட்டிலே திட்டம் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அவற்றைச் சுமந்து செல்லுதற்குரிய தெப்பக்கலம் பழுதுற்று, சுமை இறக்கப்பட்டுக் கிடந்தது. மீண்டும் பொறிகளைத் தேடி ஏற்றி அவ்விடம் சேருதற்குள் அரைநாளுக்குமேற் கழிந்துவிட்டது. முதல் மூன்று நாட்கள் கடல் அமைதியாய் இருந்தது. அவ்வமைதியை மனிதர் பயன்படுத்தத் தவறினர். பின்பு எழுந்த புயல் எண்ணெயை நெடுந்தொலைவு பரப்பிற்று. கருவி இல்லாத நாடும், கருவியைப் பழுதுபட வைத்திருக்கும் நாடும் இடர் வந்த நாளில் ஒன்றே.

ஆயினும் அந்நாட்டார் அத்தவற்றினின்று ஒரு பாடம் கற்றனர். அவ்வளைகுடாவின் மீனவரையே அக்காவற்பணியிற் சேர்த்துக்கொண்டனர். இன்று நூற்றுக்கணக்கான மீன்பிடி படகுகள் அதற்கென ஒப்பந்தஞ் செய்யப்பட்டுள்ளன. வேலி இழுக்கவும் பொறிகளை இயக்கவும் ஆண்டுதோறும் படகோட்டிகளுக்குப் பயிற்சி தரப்படுகின்றது. பயிற்சிக்கும் பணிக்கும் ஊதியம் உண்டு. நீரோட்டம் எத்திசையிற் செல்லும், எக்காற்று எக்கரையிற் குப்பையை ஒதுக்கும் என்பவற்றை மீனவரைப்போல் அறிந்தவர் யாவர்? அவ்வறிவும் பொறியும் ஒன்றுசேர்ந்த இடத்திலேதான் மிதவைப் பம்பு தன் பெயருக்குரிய பயனைத் தருகின்றது.

நம் நாட்டில் சட்டதிட்டம் இல்லாமலில்லை. கடலில் எண்ணெய் கொட்டுங்காலை செய்வனவற்றை ஒருங்கிணைக்கும் பொறுப்பு இந்தியக் கடலோரக் காவற்படையினது. 1996-இல் இதற்கெனத் தேசியத் திட்டமொன்றும் வகுக்கப்பட்டது. 700 தொன் வரையுள்ள கசிவினை எதிர்கொள்ளுதற்கு வேண்டும் கருவிகளைத் துறைமுகங்களும் எண்ணெய் கையாளும் நிறுவனங்களும் தாமே வைத்திருத்தல் வேண்டும் என்பது அத்திட்டத்தின் நெறி. எனவே, புதிய நெறி ஒன்றையும் யாம் வேண்டுகின்றிலேம். ஏட்டில் உள்ளது நீரில் இறங்குதல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.

அதற்கு மூன்று செயல்கள் இன்றியமையாதன. முதலாவது, ஒவ்வொரு துறைமுகமும் ஒருவகைப் பம்பினை மட்டும் வாங்கி அமையாது, மெல்லிய எண்ணெய்க்கும் தாரனைய கசட்டிற்கும் குப்பை மலிந்த நீருக்கும் ஏற்றவாறு வெவ்வேறு வகைகளைக் கொள்ளுதல் வேண்டும். இரண்டாவது, அவற்றை ஆண்டில் பலமுறை நீரிலிறக்கி இயக்கிப் பார்த்தல் வேண்டும். பார்த்த நாளையும் விளைந்த பயனையும் எல்லாரும் காணுமாறு வெளியிடல் வேண்டும். அங்ஙனம் வெளியிடுவது வழக்கமாயின், பழுதுற்ற பொறி பண்டகசாலையில் ஒளிந்திருத்தற்கு இடமிராது. மூன்றாவது, எண்ணூர் போன்ற கழிமுகத்து மீனவர்க்கு இப்பொறிகளை இயக்கும் பயிற்சியும் அதற்குரிய ஊதியமும் காப்புடையும் அளித்தல் வேண்டும். தம் நீர் கெட்ட நாளில் குவளையோடு இறக்கிவிடப்பட்ட அவர்கள், தம் நீரைக் காக்கும் பணியாளராய் மதிக்கப்படுதல் நீதியாகும்.

செலவு மிகுதி என்பார்க்கு ஒன்று கூறுவோம். நெருப்பணைக்கும் வண்டி பெரும்பாலான நாட்களிற் சும்மா நிற்கின்றது. அதனால் அதனை விற்றுவிடலாம் என்று கூறும் நகரமாந்தர் எவரும் இலர். கடற்றுறையில் நிற்கும் மிதவைப் பம்பும் அத்தன்மையதே. அது சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளும் நமக்கு நன்னாளே. ஆயின் அழைத்த நாளில் அஃது எழுந்து வருதல் வேண்டும்.

இறுதியாக, எம்மையொத்த மாணவ நண்பர்க்கு ஒரு சொல். மற்றொரு முறை கரை கறுக்குமாயின் நாம் செல்லாதிருக்கப் போவதில்லை; கடமை அழைக்கும்போது கை நீட்டாதவர் கற்றதனாற் பயனில்லை. ஆயினும் வாளியைக் கையிலெடுக்கும்போதே, "பம்பு எங்கே?" என்னும் வினாவையும் வாயிலெடுக்கக் கற்றுக்கொள்வோமாக. அவ்வினாவை இடர் வந்தபின் கேட்டல் அழுகையாகும். இடர் வருமுன் கேட்டல் அறமாகும். இன்று கடல் அமைதியாயிருக்கின்றது. கேட்பதற்குரிய காலம் இதுவே.